கிராமச் சாலை, பாலப் பணிகளுக்கு எந்த நிதி: மத்திய மானியமா, நபார்டு கடனா?

2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளி மாநிலங்களுக்கான செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. எஞ்சிய 40 விழுக்காடு மாநிலத்தின் பொறுப்பு. 1995-96-இல் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டில் அமைக்கப்பட்ட ஊரக உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியோ முழுக்கக் கடன். அசலைக் கட்டத் தேவையில்லாத இரண்டாண்டு சலுகைக்காலம் உட்பட 7 ஆண்டுகளில் மாநில அரசு வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டும்.

மானியம் கருவூலத்துக்குச் சுமை குறைவு என்றாலும், மத்திய அரசின் தகுதி வரம்புகளுக்குள் அடங்காத பணி அதில் இடம்பெறாது. மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கி, பள்ளிப் பிள்ளைகளும் பிரசவ வலி கண்ட பெண்களும் அக்கரையிலேயே தவித்து நிற்கும் ஊர்களுக்கு, பணியை மாநிலமே தேர்ந்தெடுத்து முன்மொழியும் கடன்வழியே பொருத்தமானது என்று உறுதியாகக் கருதுகிறேன். சாலை மட்டும் போதுமெனில் மானியமே மேல். போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு.