27 வயது மைனர் லீக் ரிலீவருக்கு எந்த வழி? டிரிபிள்-ஏ, சுயேச்சை லீக், மெக்சிகோ, ஜப்பான்

பேஸ்பாலில் ரிலீவர் என்பவர், ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் (பந்து வீசுபவர்) ஓய்ந்ததும் புல்பென் என்ற காத்திருப்பிடத்திலிருந்து வந்து ஓர் இன்னிங்ஸ், மிஞ்சினால் இரண்டு இன்னிங்ஸ் வீசுபவர். மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக்கில் ஆறேழு பருவம் ஆடியும், மேஜர் லீக்கில் ஆடத் தேவையான 40 பேர் பட்டியலில் ஏறாதவர், பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்த சில நாளில் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டுவிடுவார். அடுத்து எங்கே போவது?

பெரும்பாலோர் எடுப்பது, மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள்-ஏயில் இன்னோர் ஒப்பந்தம். வீரர் சங்கத்தோடு செய்த கூட்டு ஒப்பந்தப்படி 2023இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 35,800 டாலர். விடுபட்ட வீரர் பேரம் பேசிக் கூட்டியும் வாங்கலாம். அதே ஆண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 3,870. மேலே பத்து நாள் இருந்தாலே கீழே ஓராண்டு வாங்குவதைத் தாண்டிவிடும். 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமையும் உண்டு. ஆகவே கூடச் சில ஆயிரம் தருகிறார்கள் என்று அணியைத் தேர்ந்தெடுப்பது தப்புக் கணக்கு.

எண்ண வேண்டியது வேறு: அந்த அணியின் 40 பேரில் ஆப்ஷன் (இன்னோர் அணியிடம் இழக்காமல் கீழே அனுப்பும் உரிமை) மிச்சமுள்ள ரிலீவர்கள் எத்தனை பேர்? ஆப்ஷன் உள்ளவரை ஒரே பருவத்தில் ஐந்து முறை கீழே அனுப்பலாம். அப்படி நான்கைந்து பேர் இருந்தால் அவர்களே மாறி மாறிப் போய்வருவார்கள். வெளியே நிற்பவரை ஏற்ற வேண்டுமானால் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்க வேண்டும். நீக்கியவரை இன்னோர் அணி கொத்திக்கொண்டு போகும். அதனால் எந்த அணியும் தயங்கும்.

ஊரையும் பார்க்க வேண்டும். டிரிபிள்-ஏயின் ஒரு பிரிவான பசிபிக் கோஸ்ட் லீக்கின் அல்புகர்க்கி, ரீனோ இரண்டும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பவை. மெல்லிய காற்றில் கர்வ்பால் என்ற வளைபந்து வளைய மறுக்கும், சாதாரண உயரப் பந்தும் வேலி தாண்டும். வீச்சு அதேதான், புள்ளிவிவரம்தான் கெட்டுப்போகும். இன்னொன்று: ஜூன் அல்லது ஜூலையில் விலகிக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. அது இல்லையென்றால் மே மாதம் முழுக்க அசத்தினாலும் செப்டம்பர் வரை அதே ஊர்தான்.

அட்லாண்டிக் லீக், அமெரிக்கன் அசோசியேஷன் போன்ற, மேஜர் லீக் அணிகளின் கீழ் வராத சுயேச்சை லீக்குகள், காயத்துக்குப் பின் வேகம் திரும்பியிருக்கிறது என்று காட்ட வேண்டியவருக்கு. மேஜர் லீக் அணிகள் பருவத்தின் நடுவிலேயே ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கும். கிறிஸ் மார்ட்டின் 2010இல் சுயேச்சை லீக்கின் கிராண்ட் ப்ரெய்ரி அணிக்கு வீசியவர். மறுஆண்டே மேஜர் லீக்கின் ரெட் சாக்ஸ் எடுத்துக்கொண்டது. ஆனால் மாதச் சம்பளம் சொற்பம். அட்லாண்டிக் லீக் மேஜர் லீக்கின் விதிச் சோதனைக் கூடமும்கூட: 2021இன் இரண்டாம் பாதியில் பிட்சர் நிற்கும் இடத்தையே ஓர் அடி பின்னுக்குத் தள்ளினார்கள். பழகிய தூரம் மாறினால் வளைபந்து விழும் இடமும் மாறும்.

மெக்சிகோ அடிப்பவர்களின் லீக். மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரம், இனி விளக்க வேண்டாம். கொரியாவை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை: வெளிநாட்டு பிட்சர் இடங்களைத் தொடக்க பிட்சர்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

கதவு திறந்தால் ஜப்பானே மேல். அங்கே வெளிநாட்டு ரிலீவரையும் குளோசராக, அதாவது ஆட்டத்தை முடித்துவைப்பவராக, வைப்பார்கள். டென்னிஸ் சர்ஃபேட் 2017இல் 54 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டம்) எடுத்தார். திரும்பும் வழியும் அடைபடவில்லை: பியர்ஸ் ஜான்சன் 2020இல் ஜப்பானின் ஹன்ஷின் அணிக்கு வீசிவிட்டு மறுஆண்டு மேஜர் லீக்கின் பாட்ரேஸ் அணிக்கு வந்தார். மெக்சிகோவில் வீசிக்கொண்டிருந்த ராபர்ட் சுவாரெஸும் ஜப்பான் வழியாகவே 2022இல் அதே அணிக்கு வந்தார். அங்கே பயன்படும் மிசுனோ பந்து அமெரிக்கப் பந்தைவிடச் சற்றே சிறியது, பிசுபிசுப்பு கூடியது. ஸ்பிளிட்டர் (விரல்களை விரித்துப் பிடித்து வீசும் பந்து) வீசுபவருக்கு விரல் பிடி எளிது.

சிக்கல் இட ஒதுக்கீட்டில். ஓர் ஆட்டத்துக்கு வெளிநாட்டவர் நால்வரே. அடிக்க ஆள் தேவைப்பட்டால் முதலில் கீழே போவது ரிலீவர். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் பத்து நாளுக்குத் திரும்ப முடியாது. ஸ்ட்ரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) வீசத் தடுமாறுபவர் போகவே வேண்டாம். அங்கே பேட்டர்கள் கெட்ட பந்தைத் துரத்துவதில்லை.

ஜப்பானில் பயிற்சி முகாம் பிப்ரவரி 1 தொடங்கிவிடும். அமெரிக்க அழைப்புக்காக ஜனவரி கடைசிவரை காத்திருப்பவருக்கு இடம் மிஞ்சுவது அரிது. பிறகு பருவத்தின் நடுவே யாருக்காவது காயம் பட்டால்தான் வாய்ப்பு. அதற்கும் ஜூலை 31 கெடு.