டேப்லெட்டா, பைண்டிங்கா, தனித்தாளா? டிசைன் நேர்காணலுக்கு எதை எடுத்துப் போவது

டிசைன் படிப்புக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது தங்கள் வேலைகளின் தொகுப்பு, தயார் செய்கிறவர்கள் எந்த வேலையைச் சேர்ப்பது, எதை விடுவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதையெல்லாம் எதில் வைத்துக் கொண்டுபோவது என்ற கேள்வி மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதை முன்னாலேயே முடிவு செய்துவிட்டால் மற்ற குழப்பங்களும் பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம். டேப்லெட், பைண்டிங் போட்ட புத்தகம், பிளாஸ்டிக் ஸ்லீவ் ஃபோல்டர் எல்லாவற்றையும் யோசித்துவிட்டு நான் ஏ3 தனித்தாள்களைத்தான் எடுத்துப் போனேன். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

பல்கலைக்கழகம் பி.டி.எஃப். ஆக ஏற்றச் சொல்லி, இத்தனை பக்கம், இத்தனை எம்.பி. என்று வரம்பும் போட்டிருந்தால் பேச்சே இல்லை, சொன்னபடி செய்துவிடுங்கள். வீடியோ அழைப்பில் நேர்காணல் என்றாலும் அப்படியே. நேரில் வரச் சொல்லி, எதில் கொண்டுவருவது என்பதை உங்களிடமே விட்டிருந்தால் மேலே படியுங்கள்.

டேப்லெட்டின் நல்லது கெட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எடை கிடையாது, வண்ணம் பளிச்சென்று இருக்கும், வீடியோ ஓடும். சார்ஜ் தீரும், கீழே விழுந்தால் உடையும். எனக்கு இடித்தது அதன் அளவு. ஏ3 தாளின் மூலைவிட்டம் 20 அங்குலத்துக்குச் சற்று மேல். 11 அங்குலத் திரையில் அதே வேலை நீள அகலத்தில் ஏறக்குறையப் பாதியாகிறது, பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கரிக்கோலின் சொரசொரப்பு, பென்சிலை அழுத்திய இடத்துக்கும் தடவிய இடத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அதில் கரைந்துபோகும். விரலால் பெரிதாக்கிக் காட்டலாம், ஆனால் அப்போது முழுப்படம் தெரியாது. எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் ஒருவர் திரையைத் தள்ளுவார், மற்ற இருவர் எட்டிப் பார்ப்பார்கள்.

சொந்த இணையதளம் வைத்திருந்தால் நல்லது, முகவரியைக் கொடுத்துவிட்டு வரலாம். நேர்காணல் அறையில் அதை நம்பி உட்காராதீர்கள்.

பைண்டிங் போட்டதைக் கையில் எடுத்ததும் ஒரு மரியாதை வந்துவிடும், அதை மறுக்கவில்லை. வயர் பைண்டிங் என்றால் மேசையில் தட்டையாகவும் விரியும். பசை பைண்டிங் அப்படி விரியாது. இரு பக்கங்களையும் சேர்த்து ஓடும் படமாக இருந்தால் நடுப்பகுதியை முதுகு விழுங்கிவிடும். தோற்றத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இதுதான் முதலிடம்.

சரி, பிறகு ஏன் தனித்தாள்? ஒரே காரணம்தான்: கடைசி நாள் வரை மாற்றலாம்.

போர்ட்ஃபோலியோ ஒரு நாளில் முடிகிற பொருள் இல்லை. முப்பது வேலைகளோடு ஆரம்பித்தால் அது பதினைந்துக்கோ இருபதுக்கோ வந்து நிற்கும். அந்தக் கழித்தல் ஒரே மூச்சில் நடப்பதும் இல்லை. ஆசிரியரையோ, ஏற்கெனவே டிசைன் படிக்கிற அண்ணன் அக்கா யாரையாவதோ உட்கார வைத்து மாதிரி நேர்காணல் நடத்திப் பாருங்கள். “இது எதுக்கு இங்க இருக்கு?” என்று ஒரு தாளைத் தொட்டுக் கேட்பார்கள். ஒரு வாக்கியத்தில் பதில் வரவில்லையென்றால் அந்தத் தாள் வெளியே போக வேண்டியதுதான். தனித்தாள் என்றால் உருவி எடுத்துவிடலாம். பைண்டிங்கில் இருபுறமும் பிரிண்ட் எடுத்திருந்தால், அதன் பின்பக்கத்தில் இருக்கும் நல்ல வேலையும் கூடவே போய்விடும். எதிரெதிர்ப் பக்கங்களை ஜோடி சேர்த்திருந்தால் அதுவும் கலைந்துவிடும். திரும்ப பிரிண்ட், திரும்ப பைண்டிங். இதற்குச் சோம்பல்பட்டே பலர் பொருந்தாத வேலையை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். “பரவாயில்லை, இருக்கட்டும்” என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் நுழைகிறது.

வரிசையும் இப்படித்தான். ஒரு நாற்காலி பிராஜெக்ட்: கட்டைவிரல் அளவு ஸ்கெட்ச்கள், அட்டையில் செய்த மாதிரி, கால் சேரும் இடத்தில் விரிசல் விட்ட படம், முடித்த நாற்காலியின் புகைப்படம். பொருள் வடிவமைப்புத் துறைக்குப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் வைக்கலாம், அதிலும் விரிசலைத் தைரியமாகக் காட்டலாம். அடுத்த வாரம் காட்சித் தொடர்பியல் நேர்காணல் என்றால் போஸ்டர்கள் முன்னே வரும், நாற்காலி ஒரு தாளாகச் சுருங்கிப் பின்னே போகும். அதே கட்டு, வேறு அடுக்கு. அப்புறம், அறையிலேயே அடுக்கு மாறலாம். தேர்வாளர் ஸ்கெட்ச் தாளையும் முடித்த படத்தையும் உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இந்தக் குறுக்குச் சட்டம் எங்கே போச்சு?” என்று கேட்டால், நேர்காணல் அங்கேதான் சூடுபிடிக்கும். புத்தகத்தில் அதைக் கேட்க முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். திரையில் கேட்கவே தோன்றாது.

இந்த வசதி வேண்டுமென்றால் தாள்களை அதற்கேற்ற மாதிரி வடிவமைக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் பிரிண்ட். மொத்தப் பக்க எண் வேண்டாம். பிராஜெக்ட் பெயரும் அதற்குள் எத்தனையாவது தாள் என்பதும் ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும். எல்லாத் தாளும் படுக்கைவாட்டிலோ எல்லாம் நெடுக்குவாட்டிலோ இருக்கட்டும், தேர்வாளர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாம். ஏ வரிசைத் தாள்கள் எல்லாவற்றுக்கும் நீள அகல விகிதம் ஒன்றே என்பதால், ஏ3யில் ஒரு முறை லேஅவுட் செய்தால் எதையும் வெட்டாமல் ஏ4க்குச் சுருக்கலாம், பி.டி.எஃப். ஏற்றச் சொன்னாலும் அதே லேஅவுட் உதவும்.

தனித்தாளின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். முனை மடங்கும், கைரேகை படியும், கைதவறினால் அறை முழுக்கப் பரவும். 160 முதல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையான தாளும், மூடியுள்ள தட்டைப் பெட்டியும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கரிக்கோல், பென்சில் வேலைகளின் மூலத்தையே வைப்பதானால் கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரே அடியுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து அல்லது வெளியே போய். அப்படியும் இடையில் ஒரு மெல்லிய தாள் போடுவது நல்லது. பிரிண்ட் எடுக்கும் படம் ஏ3 முழுவதையும் நிரப்புமானால் 300 டி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 3508 × 4961 பிக்சல் வேண்டும். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் மங்கித்தான் வரும். திரை ஒளியால் காட்டும் வண்ணங்களில் சிலவற்றை அச்சு மை எட்டவே முடியாது. அதனால் மொத்தமாக எடுப்பதற்கு முன் ஒரே ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்லீவ் ஃபோல்டரிலும் வரிசையை மாற்றலாமே என்பீர்கள். மாற்றலாம், என் இரண்டாவது தேர்வும் அதுதான். ஆனால் பென்சில் படத்துக்கே ஒரு மினுமினுப்பு உண்டு, அதன் மேல் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் மேலே எரியும் விளக்கு அப்படியே படத்தில் வந்து உட்காரும். பார்க்கிறவர் ஃபோல்டரை இப்படியும் அப்படியும் சாய்ப்பார். துணி ஒட்டிய, காகிதம் கிழித்து ஒட்டிய வேலைகளைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. அதையே எடுப்பதென்றால் பி.வி.சி. ஸ்லீவைத் தவிருங்கள், நாளடைவில் லேசர் பிரிண்டின் மைப்பொடியான டோனர் அதில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் ஸ்லீவில் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்கெட்ச் புக் இந்தப் போட்டியிலேயே சேராது. அதை அப்படியே எடுத்துப் போங்கள், பக்கங்களைக் கிழித்து ஒட்டாதீர்கள். காட்ட நினைக்கும் இடங்களில் ஒட்டுச்சீட்டு வைத்தால் போதும். மற்ற பக்கங்களையும் அவர்கள் புரட்டத்தான் போகிறார்கள்.

அனிமேஷன், செயலி வடிவமைப்பு மாதிரி அசைகிற வேலைகளுக்கு நான் சொன்னது பாதிதான் பொருந்தும். அந்தப் பக்கம் எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. நானாக இருந்தால் காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டையும் கதாபாத்திர ஸ்கெட்ச்களையும் தாளில் வைத்துவிட்டு, அசைவை மட்டும் டேப்லெட்டில் காட்டுவேன். வீடியோவை முன்கூட்டியே டவுன்லோட் செய்து, ஏரோபிளேன் மோடில் ஓடுகிறதா என்றும் பார்த்து வைப்பேன்.