ஒறுத்தல் மணி, ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

கோயில் பக்கத்துக் கடைல 80 ரூபாய்க்கு வாங்குனேன். செபமாலை இல்லங்க, பத்தே மணி, ஒரு முனைல சிலுவை, மறு முனைல சுரூபம் (சாமி உருவம் பதிச்ச சின்ன உலோகப் பதக்கம்). பிரான்ஸ் நாட்டு லிசியே ஊர் குழந்தை தெரசம்மா சின்னப் புள்ளைல பாக்கெட்டுல வச்சிருந்தாங்களே அதே மாதிரி, ஆண்டவருக்காக ஒரு சின்ன ஒறுத்தல், அதாவது நம்ம ஆசையையோ கோவத்தையோ அடக்கிக்கறது, செஞ்சா ஒரு மணிய இழுத்து விடணும். நூல் ஒவ்வொரு மணிக்குள்ளயும் ரெண்டு தடவ போறதால இழுத்த எடத்துலயே நிக்குது, தானா நழுவல.

மாமியாருக்கு ரெண்டாந்தடவ காப்பி சூடு பண்றப்ப மூஞ்சிய சுளிக்கல, ஒண்ணு. பையன் யூனிபார்ம்ல இங்க் கறை, கத்தாம தேச்சேன், இன்னொண்ணு. பத்தும் இழுத்தது ரெண்டே நாள்தான் (அதுல ஒரு நாள் வீட்ல யாருமே இல்ல). தெரசம்மா கார்மேல் மடத்துல துணி தொவைக்கறப்ப பக்கத்து சிஸ்டர் அழுக்குத் தண்ணி மூஞ்சில தெறிச்சும் பொறுத்துக்கிட்டாங்களாம், 24 வயசுலயே செத்துட்டாங்க, 1925ல புனிதர் பட்டம், நமக்கு ஒரு காப்பிக்கே இந்தப் பாடு.

கொறைன்னா சுரூபத்தோட பாலிஷ்தான், பாத்திரம் கழுவுற தண்ணி பட்டே மூணு வாரத்துல கருத்துருச்சு. கடைக்காரர்கிட்ட கேட்டா "தண்ணி படாம வைக்கணும்மா"ங்கறாரு, அடுப்படில நிக்கறவ எப்படிங்க? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டு வெளிய வந்து ஒரு மணி இழுத்தேன். வாங்குறவங்க மரத்துல செஞ்சதா பாத்து வாங்குங்க.