உலர் திராட்சையா, கத்தரிக்காய்ப் பொரியலா?

பதப்படுத்திய பழத்தில் சத்து அதிகமா, சமைத்த காயிலா என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் வைத்தே பார்க்கலாம். 100 கிராமுக்கு 100 கிராம் என்று எடை போட்டால் உலர் திராட்சைதான் ஜெயிக்கும். பொட்டாசியம், நார்ச்சத்து இரண்டுமே அதில் கூடுதல். தண்ணீர் வற்றிப்போனதால் மீதியெல்லாம் நெருக்கியடித்து நிற்கிறது, அவ்வளவுதான். சர்க்கரையும் அதே கணக்கு. சாதாரண திராட்சை 100 கிராமில் சுமார் 70 கலோரி, உலர்ந்ததில் 300. அதில் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 60 கிராம்.

ஆனால் யாரும் அதைத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிடுவதில்லை. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் 90 கலோரி, நார்ச்சத்து ஒரு கிராம் சொச்சம். அதே 90 கலோரிக்கு வெறும் தண்ணீரில் வெந்த கத்தரிக்காய் கால் கிலோ சாப்பிடலாம். நார்ச்சத்து ஆறு கிராமாவது சேரும், வயிறும் நிறையும். இந்தக் கணக்கில் என் ஓட்டு காய்க்குத்தான்.

சரி, வேலூர்க்காரர்கள் யார் கத்தரிக்காயை வெறும் தண்ணீரில் வேகவைக்கிறார்கள்? வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதை வாங்கி வந்தால் எண்ணெய்க் கத்தரிக்காய்தான் செய்யத் தோன்றும். இங்கேதான் சிக்கல். கத்தரிக்காயின் சதைக்குள் காற்றுப் பொந்துகள் அதிகம். ஊற்ற ஊற்ற எண்ணெயைக் குடிக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நாலு கரண்டி இறங்கினால் அந்தத் திராட்சைக் கைப்பிடி எவ்வளவோ தேவலை. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயை 'காய்தானே' என்று இரண்டாம் முறை வாங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். (நானும் வாங்குவேன், அது வேறு விஷயம்.)

அதற்காக எண்ணெயே கூடாது என்றில்லை. முருங்கைக்கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின் (உடம்பு இதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்) உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தாளிப்பு எண்ணெயும் தேங்காய்த்துருவலுமே போதும். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் வெந்த பிறகுதான் இன்னும் நன்றாகச் சேரும். சூட்டில் அடிபடுவது முக்கியமாக வைட்டமின் சி. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பி வகை வைட்டமின்களும் பொட்டாசியமும் கூடவே போகும். ரசத்தில் ஊற்றிவிட்டால் கொஞ்சமாவது மிஞ்சும்.

சர்க்கரைப் பாகில் போட்ட பழங்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. டூட்டி ஃப்ரூட்டி என்பது பெரும்பாலும் பப்பாளிக்காய்த் துண்டு, சர்க்கரை, சாயம். ஜாமை இனிப்புக் கணக்கில் எழுதுங்கள். தேன் நெல்லிக்காய்க்கு மட்டும் விதிவிலக்கு தரலாம்: நெல்லியில் வைட்டமின் சி ஏராளம், அதனால் இழந்தது போகவும் ஓரளவு மிஞ்சும். மாங்காய் ஊறுகாயும் பதப்படுத்திய பழம்தான், ஆனால் அதில் பார்க்க வேண்டியது உப்பு.

இதெல்லாம் தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு: சிறுநீரகக் கோளாறு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடாதவர்களுக்குக் காயை நறுக்கி வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு நஷ்டமாக இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. உலர் பழமோ அவர்களுக்கு ஆபத்து. பேரீச்சம்பழம் 100 கிராமில் 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் பேரீச்சம்பழ டப்பாவோடு கிளம்புமுன், என்ன கோளாறு, எதைச் சாப்பிடலாம் என்று கூட இருப்பவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.