கெளுத்திக்கு வட்ட முள்: வாங்கலாமா?

பெரிய கெளுத்தி பிடிக்க சர்க்கிள் ஹூக் எனப்படும் வட்டத் தூண்டில் முள்ளைத் தயங்காமல் வாங்கலாம். முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், இரையைக் கவ்விய மீன் திரும்பி ஓடும்போது முள் தொண்டையில் சிக்காமல் நழுவி வந்து வாயோரத்தில் மாட்டுகிறது. பிடித்த மீனை உயிரோடு விட நினைப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் ராடை, அதாவது தூண்டில் கம்பை, வெடுக்கென்று இழுக்காதீர்கள், முள் வெறுமனே வந்துவிடும். ராடு நன்றாக வளையும்வரை பொறுத்து, நூல் சுற்றும் ரீலைச் சுற்றினாலே போதும்.

8/0 என்ற பெரிய அளவு முள்ளில் மீன் துண்டை ஓரமாகக் குத்துங்கள். முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை இரை அடைத்துக்கொண்டால் கடி வீண்தான். முனை பக்கவாட்டில் திரும்பிய ஆஃப்செட் வகை வேண்டாம்; ஆழத்தில் குத்தக்கூடியது. புது முள்ளின் முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள்: வழுக்கினால் அரம் போட வேண்டும்.