"தானாக ஃபோகஸ் ஆகும்" ஸ்மார்ட் கண்ணாடி: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எனக்கு 48 வயது. வெள்ளெழுத்து வந்து நான்கு வருடமாகிறது. படிக்கும் கண்ணாடியைப் போட்டால் எதிரில் இருப்பவர் முகம் மங்கும், கழற்றினால் கையிலிருக்கும் தாள் மங்கும். போடுவதும் கழற்றுவதுமாக அலுத்துப் போயிருந்த நேரத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. "ஸ்மார்ட் கண்ணாடி! +1 முதல் +4 வரை பவர் தானாக மாறும். கண் பரிசோதனை தேவையில்லை." அந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்.

வீடியோவில் ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார், நிமிர்ந்து தூரத்து மலையைப் பார்க்கிறார், குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கீழே சலுகை முடிய இன்னும் எட்டு நிமிடம் என்று ஒரு கடிகாரம் ஓடியது. வாங்கிவிட்டேன்.

பார்சலில் எடை குறைந்த ஒரு கண்ணாடி, நீல வெளிச்சம் அடிக்கும் குட்டி டார்ச், அந்த வெளிச்சத்தைப் பட வைத்துப் பார்க்க ஒரு அட்டை. சார்ஜர் இல்லை. ஃப்ரேமில் பேட்டரி வைக்கும் இடமும் இல்லை. டார்ச்சை அடித்தால் நீல ஒளி லென்ஸைத் தாண்டாமல் நின்றது. பெரிய தொழில்நுட்பம் என்று நம்பினேன். அது லென்ஸின் மேல் பூச்சு மட்டும்தான். ஃபோகஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் நாள் ராத்திரி ஊசியில் நூல் கோத்தேன், முதல் முயற்சியிலேயே. அந்தச் சந்தோஷத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டி எழுதிவிட்டேன். அதைப் படித்து யாராவது வாங்கியிருந்தால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்தக் கண்ணாடியோடு மாடிப்படி இறங்கினேன். கடைசிப் படி எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே பிரியவில்லை. தரை வந்துவிட்டது என்று காலை வைத்தேன், இன்னும் ஒரு படி இருந்தது. கைப்பிடியைப் பிடித்ததால் விழவில்லை, மணிக்கட்டு மட்டும் பிசகியது. இதே இடத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

விற்றவர்களுக்கு எழுதினேன். "மூளை பழக 15 நாள் ஆகும், தொடர்ந்து போடுங்கள்" என்று பதில் வந்தது. இந்தப் பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் ஏமாறுகிறோம். மேலே தூரப் பார்வைக்கும் கீழே படிக்கவும் என்று பவர் படிப்படியாக மாறும் நல்ல ப்ரோகிரெஸிவ் லென்ஸுக்குப் பழக ஓரிரு வாரம் ஆகத்தான் செய்யும். ஆனால் திருப்பி அனுப்பும் கெடுவும் அதே 15 நாள்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. பதினாறாம் நாள் எழுதியபோது, கெடு முடிந்துவிட்டது, வேண்டுமானால் பாதிப் பணம் தருகிறோம், புகாரை நீக்கிவிடுங்கள் என்றார்கள். நீக்கவில்லை. பணமும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரருகே போய், கண்ணாடியின் ஒரு லென்ஸைச் சுவருக்கு நேராகப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு தூரத்தில் வெளியே இருக்கும் மரமும் வானமும் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளந்து, 100 சென்டிமீட்டரை அதால் வகுத்தால் வருவதுதான் பவர். எனக்கு 50 சென்டிமீட்டர் வந்தது. அதாவது +2. ஒரு தாளில் சின்னத் துளை வெட்டி லென்ஸின் மேல்பகுதியை மட்டும் திறந்து பார்த்தேன்: 50. நடுவில் 50, அடியில் 50. ப்ரோகிரெஸிவாக இருந்தால்கூட மேலும் கீழும் வித்தியாசம் காட்டியிருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே பவர் உள்ள சாதாரண படிக்கும் கண்ணாடியைத்தான் ஸ்மார்ட் என்று விற்றிருக்கிறார்கள். +2 கண்ணாடியில் எனக்கு அரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கும். படி மங்கியதில் ஆச்சரியமே இல்லை.

பவர் மாறும் கண்ணாடி என்பதே கட்டுக்கதை என்று சொல்லவில்லை. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிப் போகிறது. தசை சுருங்கினாலும் லென்ஸ் உப்பிக் கொடுப்பதில்லை. டயாப்டர் என்பது பவரின் அளவு, +2 என்றால் 2 டயாப்டர். பத்து வயதில் 10 டயாப்டருக்கு மேல் வளைந்து கொடுத்தது 60 வயதில் ஏறக்குறைய 1 டயாப்டராகிவிடும். 40 சென்டிமீட்டரில் படிக்க 2.5 தேவை. அந்தக் குறையை ஈடுகட்ட உண்மையாகவே முயன்றிருக்கிறார்கள். 2017இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் கிளிசரின் நிரப்பிய, வளையும் சவ்வு லென்ஸ் வைத்துச் செய்து காட்டினார்கள். 2019இல் ஸ்டான்ஃபோர்டில் திரவ லென்ஸோடு, கண் எங்கே பார்க்கிறது என்று கண்காணிக்கும் கருவியையும் ஆழத்தை அளக்கும் கேமராவையும் சேர்த்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் தூரத்தை அறிய ஒரு சென்ஸார் வேண்டும், லென்ஸை மாற்ற ஒரு பொறி வேண்டும், அதை ஓட்ட மின்சாரம் வேண்டும். பேட்டரியோ சார்ஜ் செய்ய வழியோ இல்லாத கண்ணாடி தானாகப் பவரை மாற்றாது. கையால் திருகிப் பவரை மாற்றும் கண்ணாடிகளும் உண்டு, அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் திருகுவது நாம்தான். இன்னொரு குழப்பம்: கேமராவும் ஸ்பீக்கரும் வைத்த கண்ணாடியையும் ஸ்மார்ட் என்றுதான் சொல்கிறார்கள். அது போட்டோ எடுக்கும், பாட்டுப் பாடும். வெள்ளெழுத்துக்கு ஒன்றும் செய்யாது.

சரி, அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். பணம் போனதை விட எனக்கு வலிப்பது இதுதான். கண் பரிசோதனைக்கு நாள் குறித்து வைத்திருந்தேன். இந்தக் கண்ணாடி வந்ததும் இனி எதற்கு என்று ரத்து செய்தேன். ஏழு மாதம் கழித்து, தலைவலி தாங்காமல் போனேன். வலது கண்ணுக்கு +2, இடது கண்ணுக்கு +1.25 தேவை என்று தெரிந்தது. நான் போட்டிருந்ததோ இரண்டு பக்கமும் +2. லென்ஸ் மையங்களுக்கு இடையே 68 மில்லிமீட்டர் இருந்தது, என் இரு கருவிழிகளுக்கு நடுவே 62தான். கண் உள்ளுக்குள் இழுத்துப் பிடித்தே வேலை செய்திருக்கிறது.

அது மட்டுமில்லை. வலது கண்ணில் அழுத்தம் கூடியிருந்தது. கண்ணில் வலியோ மங்கலோ எதுவும் எனக்குத் தெரியவில்லை. பார்வை நரம்பைக் கெடுக்கும், பெரும்பாலும் கண் அழுத்தத்தோடு வரும் க்ளாகோமா என்ற நோய் பெரும்பாலும் ஆரம்பத்தில் அப்படித்தான், சத்தமில்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும், போனது திரும்பாது. எனக்கு இன்னும் நரம்பு பாதிக்கவில்லை என்றார் டாக்டர். சொட்டு மருந்து ஆரம்பித்திருக்கிறார். வெள்ளெழுத்து வரும் வயதும் இந்த அழுத்தத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டிய வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். படிக்கும் கண்ணாடி வாங்கப் போகும் சாக்கில்தான் பலருக்கு இது கண்டுபிடிக்கப்படுகிறது. "பரிசோதனை தேவையில்லை" என்று விற்பவர்கள் அந்த வாசலையே அடைத்துவிடுகிறார்கள்.

மூன்று மாதத்தில் மறுபடி அழுத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று அந்த விளம்பரம் மறுபடி என் போனில் வந்தது. கண்ணாடிக்கு வேறு பெயர், விற்பவருக்கும் வேறு பெயர். வீடியோவில் நிமிர்ந்து மலையைப் பார்ப்பவர் மட்டும் அதே ஆள்.