இலவச ஆபரேஷனுக்கு ஆன செலவு 29,850 ரூபாய்

பழைய வண்ணாரப்பேட்டையில எம்.சி. ரோடு புடவைக் கடைங்களுக்கு ஃபால்ஸ் அடிச்சுக் கொடுக்கறவ நான். ஒரு புடவைக்கு என் கைக்கு வர்றது 30 ரூபாய். சீசனை விட்டா ஒரு நாளைக்கு நாலு புடவை கிடைக்கும். வீட்டுக்காரர் காசிமேட்டுல மீன் கூடை ஏத்தி இறக்கறார். 600 ரூபாய் கூலி, அதுவும் வாரத்துக்கு மூணு நாள் கிடைச்சா பெரிசு. ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடை வந்துட்டா அதுவும் இல்ல.

எங்க பாப்பாவுக்கு 14 மாசத்துல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இதய ஆபரேஷன் ஆச்சு. செருப்பு வாங்கினா கூட நாலு பேர் எழுதினதைப் படிச்சுட்டு வாங்கறோம், இதைப் பத்தி யாரும் எழுதலையேன்னு நான் எழுதறேன். ஆஸ்பத்திரி பேர் போடல. குறையும் சொல்லப்போறேன், குழந்தையைக் காப்பாத்தினவங்களைப் பேர் சொல்லிக் குறை சொல்ல எனக்கு வாய் வரல.

மூணு மாசத்துலேர்ந்தே பாப்பா பால் குடிக்கறப்ப நெத்தி வேர்க்கும். ரெண்டு இழுப்பு இழுத்துட்டு மூச்சு வாங்கும். எடையே ஏறல. மாசத்துக்கு ரெண்டு தரம் சளி. தெருமுனை க்ளினிக்ல சிரப்பு, நெபுலைசர், மறுபடி சிரப்பு. அஞ்சு மாசத்துல அங்க மட்டும் 4,350 ரூபாய் போச்சு, "வளர வளர சரியாயிடும்"னு ஒரே பதில். எங்க அத்தை, கிரகணத்தன்னிக்கு நான் மாடிக்குப் போனதாலதான்னு சொல்லிட்டிருந்தாங்க.

கண்டுபிடிச்சது அங்கன்வாடியில. வருஷத்துக்கு ரெண்டு தரம் ஒரு டாக்டர் டீம் வேன்ல வந்து குழந்தைங்களைப் பார்ப்பாங்க, 2013-ல ஆரம்பிச்ச மத்திய அரசுத் திட்டம் அது. அந்த டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வச்ச இடத்துலேர்ந்து எடுக்கவே இல்ல. "உஸ் உஸ்னு சத்தம் வருது, எக்கோ எடுங்க"ன்னு சீட்டு எழுதினாங்க. எக்கோன்னா இதயத்தைப் பார்க்கற ஸ்கேன். பயத்துல அன்னிக்கு சாயங்காலமே 2,200 கொடுத்து வெளிய எடுத்துட்டோம். அந்தச் சீட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருந்தா காசில்லாமலே எடுத்திருப்பாங்க. இது என் அவசரம்.

ரிசல்ட் வி.எஸ்.டி. கீழ் ரெண்டு அறைக்கும் நடுச்சுவர்ல ஓட்டை. ஆயிரம் குழந்தை பிறந்தா எட்டு ஒம்பது பேருக்கு ஏதாவது ஒரு இதயக் கோளாறு இருக்கும், கிரகணம் எல்லாம் காரணமில்லன்னு டாக்டர் சொன்னார். அத்தையைக் கூட வச்சுக்கிட்டு இன்னொரு தரம் சொல்ல வச்சேன்.

ரெண்டு தனியார் ஆஸ்பத்திரியில விசாரிச்சோம். ஒண்ணுல மூணரை லட்சம், இன்னொண்ணுல நாலே முக்கால். ரெண்டு இடத்துலயும் ஐ.சி.யூ.ல மூணு நாளைக்கு மேல போனா தனி பில். மூணரை லட்சத்தைப் புடவையாக்கிப் பார்த்தேன். 11,666 புடவை, நாளைக்கு நாலுன்னா எட்டு வருஷம். ஏன் இவ்ளோன்னு கேட்டதுக்கு நர்ஸ் ஒருத்தங்க பொறுமையா சொன்னாங்க. இதயத்தை நிறுத்தி வச்சு மிஷின்ல ரத்தத்தை ஓட்டணுமாம். அதுல ஆக்ஸிஜன் ஏத்தற பாகமும் ட்யூபும் ஒரு குழந்தைக்குப் போட்டா தூக்கிப் போட்டுடணும், குழந்தை சைஸ் தனி. அப்புறம் வென்டிலேட்டர் எத்தனை நாள்ங்கறது யாருக்கும் முன்னாடியே தெரியாது.

காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். கார்டுக்கு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ், பீச் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம். நான் சொதப்பினது ரேஷன் கார்டுல. பாப்பா பேரைச் சேர்க்கவே இல்ல. 11 மாசமா "அப்புறம் பார்த்துக்கலாம்"னு இருந்ததுக்கு மூணு வாரம் போச்சு. குழந்தை பிறந்தா பேர் வைக்கற விழாவுக்கு முன்னாடி ரேஷன் கார்டுல சேருங்க. வருமானச் சான்று, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 200 ரூபாய்தான்.

ஆஸ்பத்திரியில மார்க் போட்டா டாக்டருங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு. இன்ஷூரன்ஸ் கவுன்ட்டருக்கு ரெண்டு. அப்ரூவல் வந்துதான்னு கேட்டா "வரும்"பாங்க, எப்போன்னு வராது. முதல் தரம் அட்மிட் ஆன மறுநாளே பாப்பாவுக்கு ஜுரம், தேதி தள்ளிப்போச்சு. அது அவங்க தப்பில்ல, சளியோட மயக்க மருந்து கொடுக்க மாட்டாங்க. ஆனா கூட இருக்கறவங்க படுக்க இடமே கிடையாது. 12 ராத்திரி மாடிப்படிக்குக் கீழ அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டுப் படுத்தேன்.

ரத்தம் கொடுக்க நாலு பேர் வேணும்னாங்க. விடிகாலை ஏலம் முடிஞ்ச கையோட காசிமேட்டுலேர்ந்து ஏழு பசங்க ஷேர் ஆட்டோவுல வந்து இறங்கிட்டாங்க, மீன் வாடையோட. ஒருத்தனை மட்டும் எடுத்துக்கல. போன மாசம்தான் கையில நங்கூரம் பச்சை குத்தியிருந்தான். மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜன் படம் போட்டுக் காட்டினார். ஓட்டை மேல சின்னதா ஒரு ஒட்டு வச்சு சுத்திவர தைப்போம்னார். எனக்கு வாய் சும்மா இருக்கல. "என்ன துணி சார்?"னு கேட்டுட்டேன். சிரிச்சார். "டேக்ரான். நீங்க பார்க்கற பாலியஸ்டர்தாம்மா"ன்னார். எனக்கு அப்பதான் கொஞ்சம் தைரியம் வந்துது. காட்டன் ஃபால்ஸ் தண்ணியில போட்டா சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது.

ஐ.சி.யூ.ல நாலு நாள். வார்டுக்கு வந்ததும் நான் முதல்ல பார்த்தது தையலைத்தான். நெஞ்சு நடுவுல ஒரு விரல் நீளத்துக்குக் கோடு, மேல ஒரு நூல் கூடத் தெரியல, உள்ளுக்குள்ளயே போட்டு முடிச்சிருந்தாங்க. ஃபால்ஸ் மேல் ஓரத்தைக் கையால ஹெம்மிங் போடறப்ப புடவை முன்பக்கம் நூல் தெரியாம வரணும்னு நாங்க உயிரை விடுவோம். அந்த மாதிரி ஒரு தையல். யார் போட்டாங்களோ, அவங்க கைக்குக் கும்பிடு.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பைசா கட்டல. அது சத்தியம். மத்த கணக்கு ஃபால்ஸ் நோட்டுல கடைசிப் பக்கத்துல இருக்கு. க்ளினிக், எக்கோ, சான்று மேல சொன்னது. ஆட்டோ, பஸ் 3,400. சாப்பாடு 4,600. வீட்டுக்காரர் விட்ட கூலி 17 நாள், 10,200. நான் விட்ட புடவை 100, 3,000. வீட்டுக்கு வந்தப்புறம் மருந்து, டானிக் 1,900. மொத்தம் 29,850. இதை யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க. தேதி கொடுத்த அன்னிக்கே கையில ஒரு 20,000 புரட்டி வச்சுக்கோங்க.

பக்கத்து வீட்டு அக்கா பையனுக்கு 2009-ல வந்த பழைய காப்பீட்டுல பண்ணாங்க, அப்ப 1 லட்சம்தான் வரம்பு. இப்ப அவன் ஹார்பர்ல லாரி ஓட்டறான். பாப்பாவைப் பார்க்க வந்தவன் சட்டைப் பொத்தானைக் கழட்டி அவன் நெஞ்சுத் தழும்பைக் காட்டினான். பாப்பா அதைத் தொட்டுட்டு தன்னோடதைத் தொட்டுது.

இப்ப எடை 9 கிலோ. ஆறு மாசத்துக்குப் பல் வைத்தியம் ஏதாவதுன்னா முதல்ல இதய டாக்டரைக் கேக்கணும்னு சீட்டுல எழுதியிருக்காங்க. கம்மல் இன்னும் சேட்டு கடையில இருக்கு, நூத்துக்கு ரெண்டு வட்டி. பொங்கல் சீசன்ல புடவை குவியும், அப்ப மீட்டுக்கலாம்னு இருக்கேன்.